மண்ணில் மக்கும் என்று எழுதியிருந்த பை

என் அப்பாவோடு கடைக்குப் போகிறவர்கள் மானத்தைக் கொஞ்சம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கூடக் கொண்டுபோனால் திரும்பி வராது.

அப்பா கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். லாரியில் வந்து இறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்து, எடை போட்டு, சரியாக இருந்தால்தான் உள்ளே எடுக்க விடுவார். மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வேலையைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் அட்டைப் பெட்டியைத்தான் கையில் எடுப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பார். "ஒடையாதாம்" என்பார். அடுத்த நிமிடம் அந்த டிபன் பாக்ஸ் மாடிப்படியில் உருண்டுகொண்டிருக்கும். "தண்ணி உள்ள போவாதாம்" என்பார். அம்மாவின் புதுக் கைக்கடிகாரம் சொம்புக்குள் கிடக்கும். பாதிப் பொருள்கள் பிழைத்துக்கொள்ளும். மீதியை எடுத்துக்கொண்டுபோய், வாங்கின கடையிலேயே வைத்து, "நீங்க எழுதியிருந்தது பொய்ங்க" என்று சொல்லிவிட்டு வருவார். சண்டை போட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அதுதான் கொடுமை. சண்டை போட்டாலாவது கோபக்காரர் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

2004இல் நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்கு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கப் போனோம். எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும் என்று நாற்காலி முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஐயோ, இதை ஏன்தான் ஒட்டுகிறார்களோ என்று அப்போதே நினைத்தேன். அப்பா உட்கார்ந்து பார்த்தார். தாங்கியது. அதோடு விட்டாரா? அம்மாவைக் கூப்பிட்டு, "நீயும் வந்து இந்தக் கைப்புடி மேல ஒக்காரு" என்றார்.

"ஐயய்யே, கடையில வெச்சு என்னா பேசுறீங்க?" என்றாள் அம்மா.

"கனமான ஆளுன்னுதான போட்டிருக்கான்? நாம ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு கனமான ஆளு."

அம்மா கடைசியில் உட்கார்ந்தே விட்டாள். அவர் சொன்னால் மறுக்கத் தெரியாது அவளுக்கு. நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் மெதுவாக விலகின. அப்பாவும் அம்மாவும் கடை நடுவில் தரையில் கிடந்தார்கள். பண்டிகை நேரக் கூட்டம், எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சட்டென்று பக்கத்து வளையல் கடைக்குப் போய், யார் பெற்ற பிள்ளையோ என்பதுபோல் வளையல் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்தும் அப்பாவின் குரல் கேட்டது. "பாத்தீங்களா, பின்கால்தான் வெலகுது. அங்க கொஞ்சம் பட்டையா வார்த்திருந்தா நின்னிருக்கும்." கீழே கிடந்தபடியே கடைக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அது எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை. சரியாகச் சொல்கிறவரின் மகள் என்று ஊரில் யாரும் என்னைப் பார்த்து மதிப்பாகச் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து விழுந்தவரின் மகள் என்றுதான் சிரித்தார்கள்.

2008இல் எனக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பூர்வீகம் திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். மாமனார் வேலைக்காகச் சிதம்பரம் வந்து, மேல வீதிக்குப் பின்னால் வீடு கட்டிக்கொண்டவர். அமைதியான வீடு. பேச்சில் மரியாதை பார்க்கிற வீடு. இந்த வீட்டில் போய் நல்லபடியாகப் பேர் வாங்கிவிட வேண்டும், என் அப்பாவைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியாமலேயே போய்விட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

என் தாய்மாமா பெண்ணாடத்தில் இருந்தார். அம்மாவின் தம்பி. எந்தத் தொழிலைத் தொட்டாலும் விளங்காமல் போய், அப்போதுதான் புதிதாக ஒரு கம்பெனியின் பைகளுக்கு ஏஜென்ட் ஆகியிருந்தார். பார்க்க சாதாரண பிளாஸ்டிக் பைதான். மூலையில் ஒரு பச்சை இலை போட்டு 'மண்ணில் மக்கும்' என்று அச்சடித்திருக்கும். தாய்மாமன் சீரோடு சீராக, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பை மொத்தமும் தன் பொறுப்பு என்று மாமா சொல்லிவிட்டார். பையின் மேல் என் பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்தம், எல்லாம் தங்கக் கலரில் வரும் என்றார். "எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல ஆயிரம் பேரு கையில இந்தப் பை போவும். அதப் பாத்துட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு எல்லாம் எங்கிட்டதான் வருவாங்க, பாரு." அதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மாமா மாதிரிக்கு ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அப்பா முதலில் அதில் தேங்காய்களைப் போட்டுத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். தாங்கியது. பிறகு இலையையும் எழுத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரமாகவே கிடக்கும் இடத்தில், குழி தோண்டி அந்தப் பையைப் புதைத்தார். மேலே ஓர் ஓட்டாஞ்சில்லை அடையாளத்துக்கு வைத்தார். கல்யாண வேலைகளில் நான் அதை மறந்தே போனேன்.

பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச மாப்பிள்ளை வீட்டார் கடலூருக்கு வந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். பேச்சு எப்படியோ பையில் போய் நின்றது. "சாதா பை இல்லீங்க. மண்ணுல போட்டா கொஞ்ச நாள்ல மண்ணோட மண்ணாயிடும். நாளைக்கு நம்ம பேரப் புள்ளைங்களுக்குப் பூமி வேணுமில்ல?" என்று மாமா என் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னார். வருங்கால மாமியாரும் அட, நல்ல விஷயமாச்சே என்று தலையை ஆட்டினார்.

அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். எதற்குப் போகிறார் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் பின்னாலேயே ஓடிப் பிடிக்க முடியுமா? பெண் பார்த்து முடிவான வீட்டில் பெண் ஓடலாமா?

திரும்பி வந்தார். கையில் அந்தப் பை. குழாயில் பாதி அலசியிருந்தார், பாதி சேறு. காராபூந்தித் தட்டுக்கும் காபித் தம்ளர்களுக்கும் மேலே அதைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். சேற்றுத் தண்ணீர் சொட்டியது. ஒரு மண்புழு வழுக்கிக்கொண்டு வந்து சரியாகக் காபித் தட்டில் விழுந்தது. மாமியார் காலை நாற்காலிக்கு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இலைகூட அழியல பாருங்க" என்றார் அப்பா. "ஐப்பசி மழை முழுக்க மண்ணுக்குள்ளதான் கெடந்துது. மக்கும்னு எழுதுற மையி மக்கல, பை எங்கேர்ந்து மக்கும்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்துபோயிருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால், சொந்த அக்கா வீட்டில், அவர் மூக்கை அறுத்தாகிவிட்டது. எனக்கோ தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அப்பாவுக்கு இதெல்லாம் எதுவும் தெரியவில்லை. பையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஆதரவாகத்தான் சொன்னார்: "ஆனா மச்சான், பை நல்ல பைதான். கெட்டியா இருக்குது. மக்காது, கிழியாது. கல்யாணத்துக்குத் தாராளமா இதையே போடுவோம்."

மாசி மாதம் பைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பெட்டிகளை இறக்கும்போது மாமா தயங்கித் தயங்கி, "மச்சான், வெயிலு, சூடு படாத எடமாப் பாத்து வெக்கச் சொன்னாங்க கம்பெனில" என்றார். வீட்டுக்குள் ஏற்கெனவே பாத்திரம், பட்சண டின், உறவுக்காரர்களின் பெட்டி படுக்கை. அப்பா சிரித்தார். "மண்ணு, மழை, புழு எல்லாத்துக்கும் தப்பிச்ச பைக்கு வெயிலு என்னா பண்ணப்போவுது மச்சான்?" மொட்டை மாடியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. பெட்டிகள் அங்கே ஏறின. மாமா மறுபடி வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை சேறு சொட்டச் சொட்டப் பட்டது போதாதா அவருக்கு?

அந்த வருடம் கத்திரி வெயிலில் கடலூரே கொதித்தது. மாடித் தகரத்தின் மேல் காக்கைகூட உட்காரவில்லை. வைகாசியில் கல்யாணம், சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில்.

தாலி ஏறி, சாப்பாடு ஆரம்பித்து, நானும் அவரும் மேடையில் மாலையோடு நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம். மேடையிலிருந்து பார்த்தால் மண்டபத்து வாசல் நேராகத் தெரியும். வாசலில் மேசை போட்டு, பைகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு அடுக்கியிருந்தார்கள். என் சித்திகள் நின்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் இருந்தவரை பைகளுக்கு ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒன்றிரண்டு கிழிந்ததாம், கை பட்டதில் கிழிந்திருக்கும் என்று ஒதுக்கி வைத்தார்களாம்.

முதல் பையை வாங்கிய பெரியவர் வாசல்படி இறங்கினார். பையின் கைப்பிடி மட்டும் அவர் கையில் நின்றது. தேங்காய் படியில் இறங்கி வீதிக்குப் போனது. ஐயோ பாவம் என்று இன்னொரு பை கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. அடுத்து வந்தவர் புத்திசாலி, அடியில் கை வைத்துத் தாங்கிப் பிடித்தார். பை அவர் கையில் அப்பளம்போல் நொறுங்கியது. அப்புறம் கூட்டம் நெருக்கியது. ஆளுக்கொரு பையாக வாங்க வாங்கத் தேங்காய்கள் உருண்டன. படியில் தேங்காய், செருப்புக் குவியலில் தேங்காய், வீதியில் போன ஒரு சைக்கிளுக்குக் குறுக்கே தேங்காய். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. மண்டபத்து மின்விசிறிக் காற்றில் பைத் தூள்கள் பறந்து பந்திவரைக்கும் வந்தன. தங்க எழுத்துத் தூள்கள். என் பேரின் பாதி, மாப்பிள்ளையின் பெரியம்மா கட்டியிருந்த பட்டுப் புடவையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரியம்மாதான் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "முகூர்த்தம் முடிஞ்சி ஒரு மணி நேரம் ஆவல. ரெண்டு பேரு பேரும் நார்நாராப் போச்சே. நல்லதுக்கா இது?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம் என்று போட்டோக்காரர் பாராட்டினார்.

மாமா வாசலில் ஓடி ஓடித் தேங்காய் பொறுக்கினார். வேட்டியெல்லாம் புழுதி. யாரோ "ஏம்ப்பா, இதுதான் ஒன் கம்பெனிப் பையா?" என்று கேட்க, அவர் பொறுக்கிய தேங்காய்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று எனக்குப் பட்டது.

இப்போதாவது அப்பா சம்பந்தி வீட்டாரிடம் போய் நாலு வார்த்தை பதவிசாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா? படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நொறுங்கிய பையைக் கையில் எடுத்து, விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு முகம் முழுக்க மலர, மண்டபமே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"மச்சான்! வெயிலுதான்யா! நீ சொன்னதுதான் சரி! மண்ணு ஒண்ணும் பண்ணல, சூடுதான் பண்ணியிருக்குது!"

மகள் கல்யாணத்தில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக வேறு எதற்காவது கத்தியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்ட ஆனந்தம். அதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து, நடு மண்டபத்தில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "மன்னிச்சுக்கணும். பை குடுத்தவரு மேல தப்பு இல்ல. வெயில்ல வெக்காதன்னு சொன்னாரு. நான்தான் கேக்காம தகரத்துக்குக் கீழ வெச்சேன். தப்பு என்னோடது."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உயிர் வந்தது. எனக்குப் போனது. அதுவரை குற்றவாளி யாரோ ஏஜென்ட், ஏதோ பை. இனிமேல் பெண்ணின் தகப்பனார். என் பக்கத்தில் நின்ற புது மாப்பிள்ளைக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார்.

சிதம்பரத்தில் என் கல்யாணத்துக்குத் தனிப் பேரே வந்துவிட்டது. தேங்காய் உருண்ட கல்யாணம். கோயிலில் தெரிந்தவர்கள் பார்த்தால், "யாரு, தேங்கா உருண்டுதே, அந்தப் பொண்ணா?" என்பார்கள். கிண்டல்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கிண்டலைச் சிரித்து வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. மாமியார் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. மனதில் வைத்திருக்கிறார், ஒருநாள் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுவந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு நல்லபடியாகத்தான் உட்கார்ந்தார். என் நேரம், அந்த மாதம்தான் மாமனார் முதுகு வலிக்காகப் புது மெத்தை வாங்கியிருந்தார். முழுக்க முழுக்கத் தேங்காய் நார், இயற்கையானது, பிளாஸ்டிக் கலப்பே இல்லை என்று உறையிலேயே போட்டிருந்தது. மாமனார் வாயாரச் சொல்லி, உட்கார்ந்து பாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டார். நான் கண்ணைக் காட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்தார். ஒரு முறை அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். "நாரு இவ்ளோ சீக்கிரம் எழும்பாதே" என்று முனகிக்கொண்டே ஓரத்தில் ஜிப்பைக் கண்டுபிடித்துத் திறந்து, முழங்கைவரை உள்ளே விட்டு, ஒரு கைப்பிடி மஞ்சள் ஃபோமைப் பிய்த்து வெளியே எடுத்தார்.

"மேலயும் கீழயும்தான் நாருங்க. நடுவுல முழுக்க இதுதான்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்போது கூடத்தில் இருந்தார்கள். மாமனார் "அப்படிங்களா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். என் கணவர் மட்டும், "சரியாப் போச்சு, நம்மள நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று சிரித்தார்.

அப்பா கிளம்பும்போது வாசல்வரை போனேன். "நீ இங்க வந்தா எதையும் தொடாத. எதையும் பாக்காத. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டுக் கெளம்பு. என்னால இந்த ஊருல தல நிமிந்து நடக்க முடியல. ஒன்னால எனக்கு அசிங்கமா இருக்கு" என்றேன். 'ஒன்னால' என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். அவர் கரும்பிலிருந்து உரித்த சோகை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைக் குப்பையில் போட இடம் தேடுவதுபோல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

அதற்கப்புறம் அப்பா திருந்திவிட்டார். அப்படித்தான் நான் நினைத்தேன். வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், எது கொடுத்தாலும் நல்லா இருக்கும்மா என்பார். மாமனார் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கிப் பெருமையாகக் காட்டினார். நல்லா இருக்குங்க என்றார். என் மகளுக்கு யாரோ மூங்கில் நாரில் செய்தது என்று ஒரு தட்டு கொடுத்தார்கள். அதையும் நல்லா இருக்கு என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். வருவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வயசாகிறது, பஸ்ஸில் அலைய முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் எந்த மூலையில் இருக்கிறது, அலைவதற்கு?

2012இல் என் நாத்தனாருக்குக் கல்யாணம் முடிவானது. மறுபடியும் தாம்பூலப் பை. வீட்டில் அந்த வார்த்தையை எடுத்தாலே எல்லாரும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று ஊரில் பேச்சு வந்துவிட்ட காலம். தெற்கு வீதிக் கடைக்காரர் ஒருவர் புதுசாகத் துணிப்பை வந்திருக்கிறது, பிளாஸ்டிக் கிடையாது, துவைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சில பைகளை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார். சிவப்பு, பச்சை, நீலம். தொட்டால் மெத்தென்று இருந்தது. ஓரத்தில் தையலே இல்லை, அழுத்தி ஒட்டியிருந்தது.

மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க அப்பாவ வரச் சொல்லு. அவரு பாத்து சரின்னா ஆர்டர் குடுத்துடுவோம்" என்றார்.

குத்துகிறாரோ என்று முதலில் நினைத்தேன். "எதுக்கு அத்தே அவரு? அவரு வந்தா எதயாச்சும் பேசிக்கிட்டிருப்பாரு" என்றேன்.

"பேசட்டுமே. அத்தன பேரு நடுவுல நின்னு தப்பு என்னோடதுன்னு சொன்ன மனுஷன். நம்ம சனத்துல வேற எந்த ஆம்பள சொல்லுவான்? அவரு வாயில பொய் வராது. அவரு சொன்னா நான் நம்புவேன்."

அவர் இதைச் சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மூன்று வருடமாக எதை என் தலைக்குனிவு என்று சுமந்து திரிந்தேனோ அதை இந்த அம்மாள் அன்றைக்கே மதித்து எடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. நான்தான் கேட்கவே இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்பாவுக்கு உடனே போன் செய்தேன். அத்தை உன்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். பை என்றேன்.

வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். மாமியார் பைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் பரப்பினார். "நல்லாப் பாருங்கண்ணே. துணின்னு சொல்றான். இழுத்துப் பாருங்க, கிழிச்சுக்கூடப் பாருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார்.

அப்பாவின் கை மடியிலிருந்து எழும்பியது. பையை நோக்கிப் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அப்பா தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாருப்பா என்று நான் சொல்லியிருக்கலாம், குறைந்தது தலையை ஆட்டியிருக்கலாம். அந்தப் பார்வை என்னை அப்படியே கட்டிப்போட்டுவிட்டது. அவர் கையை இழுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குங்க" என்றார். "நல்ல துணி."

"தொட்டே பாக்கலியேண்ணே?"

"பாத்தாலே தெரியுதுங்க."

என் அப்பா பொய் சொல்வதைத் தெரிந்தே நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமியார் நம்பினார். அவர் சொன்னால் நம்புவேன் என்று சொன்னவர் அல்லவா.

பஸ் ஸ்டாண்டுவரை அவரோடு போனேன். கடலூர் பஸ் வந்து நின்றதும், ஏறப்போனவரை நிறுத்தி, "அப்பா, அது துணியாப்பா?" என்று கேட்டேன்.

"எந்த ஊரு துணி!" என்றார். ஒரு நொடி பழைய முகம் வந்தது. "பிளாஸ்டிக்க நூலா இழுத்து, சூட்டுல அமுக்கி வெச்சிருக்கான். துணின்னா ஊடும் பாவும் இருக்கணுமில்ல? நெருப்பு காட்டுனா எரியாது, சொட்டுச் சொட்டா உருகும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. என் தோளைத் தட்டி, "நீ பயப்படாத. கிழியாது. தேங்காயெல்லாம் நல்லாத் தாங்கும். ஒனக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அவமானம் என்றால் என்ன என்று எனக்கு எப்போதோ தெரியும் என்று நினைத்திருந்தேன். நாற்காலிக் கடையில் பட்டது, சேற்றுப் பை சொட்டியபோது பட்டது, தேங்காய் உருண்டபோது பட்டது, எல்லாம் ஊர் என்னைப் பார்த்ததால் பட்டவை. அன்று பஸ் ஸ்டாண்டில் என்னை யாருமே பார்க்கவில்லை. முறுக்கு விற்கிறவர்கூட என்னைத் தாண்டித்தான் போனார். ஆனாலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் போனைக் கையில் எடுத்திருந்தார், கடைக்காரரிடம் ஆர்டர் சொல்ல. "அத்தே, வேணாம். அது துணி இல்ல, பிளாஸ்டிக்குதான். எங்க அப்பா சொன்னாரு" என்றேன். எங்க அப்பா என்பதைச் சத்தமாகவே சொன்னேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். "எப்ப சொன்னாரு?"

"பஸ் ஸ்டாண்டுல."

"இங்க எம் முன்னாடி ஒக்காந்து காபி குடிச்சாரே, அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் அப்பா குடித்துவிட்டு வைத்திருந்த தம்ளரை எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காக உள்ளே போனேன்.